ஊர்ப் பட்டியல்

2023 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை, ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம். காலை 9.42 மணிக்கு, ‘நூரம்பெர்க்குக்குப் புதிதாக வந்தவர்கள்’ என்ற துருக்கியர்களின் முகநூல் குழுவில் ஒரு பதிவு ஏறியது. ‘சொந்த ஊர் எது? இங்கே எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள்? ஒரே வரியில் எழுதுங்கள்.’ அன்று மாலைக்குள் 412 பேர் எழுதியிருந்தார்கள்.

பதிவை எழுதியவள் நெர்மின். நாற்பது வயது. எஸ்கிஷெஹிர் நகரில் பதினோரு ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவள். அவளுடைய பட்டம் இங்கே செல்லுபடியாக இன்னும் இரண்டு தேர்வுகள் எழுதியாக வேண்டும். அதுவரை நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில், வாரம் நான்கு நாள், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. கிடங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைப்பேசியைத் திறந்தால் பதினோராயிரத்துச் சொச்சம் பேருக்கு அவள் நெர்மின் அக்கா.

குழந்தைக்குக் காது வலி, துருக்கி பேசுகிற டாக்டர் யார்? அலுவலகத்திலிருந்து வந்த இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? இந்த வாரம் இஸ்தான்புல்லிலிருந்து யார் வருகிறார்கள், பெட்டியில் ஒரு கிலோவுக்கு இடம் இருக்குமா? எந்தக் கேள்விக்கும் பத்து நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். குழுவின் பெருமை அதுதான். நெர்மினின் பெருமையும் அதுதான்.

துருக்கியர் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலில் சலாம், அடுத்தது எந்த ஊர் என்ற கேள்வி. ஊர் தெரிந்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு ஓடும். வந்த புதிதில் யாரையும் தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஊர்க்காரன் ஒருவனைக் காட்டிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று நெர்மின் நினைத்தாள். அவள் நினைத்தது தப்பில்லை. முதல் வாரத்திலேயே சிவாஸ்காரர்கள் ஒன்பது பேர் ஒரு பூங்காவில் கூடி இறைச்சி சுட்டுப் படம் போட்டார்கள்.

செர்வெட் சரக்கு லாரி ஓட்டுபவன். குழுவின் இன்னொரு நிர்வாகி. பதிவு ஏறிய அன்று மாலையே அவன் அழைத்தான்.

“ரிஸேக்காரனுங்க மட்டும் முப்பத்தாறு பேரு அக்கா. இந்த ஊருல ரிஸேயிலேருந்து வந்த ஒரே அழகன் நான்தான்னு இவ்வளவு நாள் நெனச்சிட்டிருந்தேன்.”

“இப்பவும் நெனச்சுக்கோ. யாரு தடுத்தா?”

“பெரிய மூக்க வச்சே கண்டுபிடிச்சிடுவேன் எங்க ஆளுங்கள. பட்டியல் எதுக்கு?”

மறுநாள் பகலில், பட்டியலின் 587-வது வரியாக இது வந்தது: ‘கோக்சுன். லாங்வாசர்.’ எழுதியவர் பெயர் பஹார் டெனிஸ்.

நெர்மின் அதைக் கிடங்கின் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தாள். பஹார் டெனிஸ் என்று ஒருத்தி உலகத்தில் கிடையாது. அந்தப் பெயரை ஆகஸ்டு மாதத்தில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவளே நெர்மின்தான். உண்மைப் பெயர் ஹாஜெர். வயது இருபத்தொன்பது, ஏழு வயதில் நெஹிர் என்று ஒரு மகள். பிப்ரவரி நிலநடுக்கத்தில் வீடு விழுந்த பிறகு, மே மாதம், உறவினருக்கான விசாவில் உல்ம் நகரத்திலிருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்தாள். கணவன் ரித்வான் ஊரிலேயே இருந்தான். அவனிடமிருந்து தப்பிக்கத்தான் அவள் வந்தாள். நிலநடுக்கம் அதற்கு ஒரு வழி திறந்துவிட்டது. அவளுடைய இடது மணிக்கட்டு இரண்டு முறை உடைந்து கூடியது. இரண்டாவது முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போனவனும் அவன்தான், வெளியே உட்கார்ந்து அழுதவனும் அவன்தான். ஒருநாள் மாமன் தொலைபேசியில் ‘உன் பொண்டாட்டி இங்க பத்திரமா இருக்கா மாப்ள’ என்று சொல்வதைக் கேட்டாள். அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு நூரம்பெர்க் ரயில் ஏறினாள். அவள் ஜெர்மனியில் இருப்பது ரித்வானுக்குத் தெரியும். எந்த நகரத்தில் என்பது தெரியாது. அது தெரியாமல் இருக்கும்வரை அவளுக்கு உயிர் உண்டு. அவள் நெர்மினிடம் சொன்னது இவ்வளவுதான்.

அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவும் ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர், பள்ளிக்கூடம், லாங்வாசரில் ஒன்றரை அறை வீடு எல்லாம் குழுவின் வழியாக, யாருக்காக என்று யாருக்கும் தெரியாமல், நெர்மின் ஏற்பாடு செய்து கொடுத்தவை.

அந்த வரியை அவள் அப்போதே அழித்திருக்கலாம். விரல் கொஞ்ச நேரம் அதன்மேல் நின்றது. பிறகு ஒரு இதயக்குறி போட்டாள்.

மாலையில் அவளே அழைத்தாள். “எழுதியிருக்கியே?”

“ஊர்ப் பேர எங்கயாச்சும் எழுதி அஞ்சு மாசம் ஆச்சுக்கா,” என்றாள் ஹாஜெர். “எல்லாரும் எழுதுறாங்க. ஒரு வரிதான. பேரும் என் பேரு இல்ல.”

“வேற யாராச்சும் கோக்சுன்காரங்க எழுதியிருக்காங்களா?”

“இல்லக்கா. முழுக்கப் பாத்துட்டேன். நான் ஒருத்திதான்.”

இரண்டு பேரும் அதைத் தனிமையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 9 அன்று ஸெலிஹா என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. படத்தில் தலையில் வெள்ளை முக்காடிட்ட அம்மாள் ஒருத்தி தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

‘பிள்ளைகளே, எனக்கு அறுபத்து மூணு வயசு. மகன் ரெண்டு வாரத்துக்கு முந்தி என்னைக் கூட்டிட்டு வந்தான். அவன் வேலைக்குப் போனா எனக்கு நாலு சுவருதான் துணை. கோக்சுன் பக்கத்துப் பொண்ணு யாராச்சும் இருந்தா சொல்லுங்க. கையில தர்ஹானா கொண்டாந்திருக்கேன். நானே தயிரும் கோதுமையும் காய்ச்சி நாணல் பாயில அப்பளமாப் பரப்பிக் காயவச்சது. ஊர்ப் பொண்ணு ஒருத்தி வாயில ஒரு துண்டு விழுந்தாப் போதும்.’

அரை மணி நேரத்தில் இருநூறு இதயங்கள். ‘பெரியம்மா கையைக் காட்டுங்க, முத்தம் குடுக்கணும்’ என்று ஒருத்தி எழுதினாள். ‘கோக்சுன் இல்ல, ஆனா தர்ஹானாவுக்காக ஊர மாத்திக்கத் தயார்’ என்று எழுதியவன் செர்வெட். யாரோ ஊர்ப் பட்டியலைத் தேடிப் பார்த்து, பஹார் டெனிஸ் என்ற பெயரைக் கீழே இணைத்துவிட்டார்கள். அதற்கும் கீழே நெர்மின் தன் கையாலேயே எழுதினாள்: ‘கவலைப்படாதீங்க பெரியம்மா. உங்க ஊர்ப் பொண்ணு நம்ம லாங்வாசர்லயே இருக்கா. நான் சொல்றேன் அவகிட்ட.’

ஆறு நாள் கழித்து ஹாஜெர் அழைத்தாள்.

“அந்தப் பெரியம்மா தினம் எழுதுறாங்கக்கா. போகட்டுமா?”

“உனக்குத் தெரிஞ்ச குடும்பமா?”

“தெரியல. சந்தைக்குப் பின்னாடி தெருன்னாங்க. அப்படி ஒரு தெரு இருக்கு. குடும்பப் பேரு நான் கேட்டதில்ல.”

“பேசிப் பாத்தியா?”

“காது கேக்காதாம். எழுதச் சொல்றாங்க.”

“பாவம்.”

“வீட்டுக்கு வரச் சொல்லல நான்.”

“வீடு வேண்டவே வேண்டாம். பிளெரர் ஸ்டேஷன்ல பாரு. சனிக்கிழமை பதினொரு மணி, மேல வந்ததும் பூக்கடை இருக்குல்ல, அங்க. ஜனம் இருக்கும்.”

“மகளையும் கூட்டிட்டு வான்னாங்க. பேத்தி மாதிரி ஒரு தடவ பாக்கணுமாம்.”

“மக இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன மாசம் குரூப்புல குளிருக்கு ஷூ கேட்டிருந்தேனே, மகளுக்கு, முப்பத்தொண்ணு சைஸுன்னு. அதப் பாத்திருப்பாங்க.”

நெர்மின் அந்த ஸெலிஹாவின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தாள். தேநீர், தோட்டம், ஒரு பூனை. நாலு வருஷத்துப் பழைய கணக்கு. “கூட்டிட்டுப் போயேன்,” என்றாள். “குழந்தையும் ஊர் பாஷை கேட்கட்டும்.”

நவம்பர் 18, சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு நெர்மினும் செர்வெட்டும், அவள் வீட்டிலும் அவன் லாரியிலுமாக, தொலைபேசியில் பேசிக்கொண்டே வாராந்திரச் சுத்தம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் குழுவில் ரோஜா பூக்கும். ‘வெள்ளிக்கிழமை நல்லதாகட்டும்’ என்று எழுதிய ரோஜாப் படங்கள், ரோஜாவும் மசூதியும், ரோஜாவும் தேநீரும், மினுமினுக்கும் ரோஜாக்கள். ஐம்பது தாண்டிய எந்தப் பெண்ணும் அதைப் போடாமல் விடமாட்டாள். கேள்விகள் எல்லாம் அதில் மூழ்கிவிடும் என்பதால் சனிக்கிழமை காலையில் அத்தனையையும் அழித்துவிடுவது வழக்கம்.

“நேத்து மட்டும் முந்நூத்தி எழுபது,” என்றான் செர்வெட். “பூக்கடை வச்சிருந்தாக்கூட இவ்வளவு வந்திருக்காது.”

“பேசாம அழி.”

“எங்க அம்மாவோடதும் இருக்கு. அழிச்சா சாயந்திரம் சோறு கிடையாது எனக்கு.”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்கா. எத்தன பேரு பாத்தாங்கன்னு எண்ணுவாங்க.”

நெர்மின் சிரித்தாள். “ஸெலிஹா பெரியம்மாவோடத மட்டும் விட்டு வை. இன்னிக்கு அவங்களுக்கு விசேஷம். பஹாரப் பாக்கப் போறாங்க.”

செர்வெட் தேடிப் பார்த்தான். “அவங்க போடலையே.”

“போன வாரம் போட்டிருப்பாங்க.”

“போன வாரமும் இல்ல.” மறுபடியும் தேடினான். “அவங்க எப்பவுமே போட்டதில்லக்கா.”

அறுபத்து மூன்று வயது. கோக்சுன். நாள் முழுக்க நாலு சுவருக்கு நடுவே, கையில் கைப்பேசியோடு. ஒரு வெள்ளிக்கிழமைகூட ரோஜா இல்லை. நெர்மின் உறுப்பினர் பதிவைத் திறந்தாள். ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பது நிர்வாகிகளுக்குத் தெரியும். ஸெலிஹா குழுவில் சேர்ந்தது ஜூலை 19. ரெண்டு வாரத்துக்கு முன்னால் வந்ததாக எழுதியவள், நான்கு மாதமாக உள்ளே இருந்திருக்கிறாள்.

“வர்றதுக்கு முன்னாடியே சேந்திருக்கலாம்ல?” என்றான் செர்வெட். “எங்க அம்மா போகாத ஊருக்கெல்லாம் குரூப்புல இருக்காங்க.”

அந்த நான்கு மாதத்தில் அந்தக் கணக்கு என்ன செய்திருக்கிறது என்று நெர்மின் தேடினாள். ஒரு பதிவு இல்லை, ஒரு கேள்வி இல்லை. ஒரே ஒரு விருப்பக்குறி மட்டும் இருந்தது. அக்டோபர் 20 அன்று, பஹார் டெனிஸ் முப்பத்தொன்றாம் அளவில் குளிர்காலக் காலணி கேட்டு எழுதிய பதிவுக்கு.

மணி 10.34. ஹாஜெரை அழைத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினால் கைப்பேசியை அணைத்துவிட வேண்டும், யாரும் பின்தொடர முடியாது என்று அவளுக்கு ஆகஸ்டில் சொல்லிக் கொடுத்தவளும் நெர்மின்தான்.

“போலீஸக் கூப்பிடு,” என்றாள் கோட்டை மாட்டிக்கொண்டே. “பிளெரர், பூக்கடை.”

“என்னன்னு சொல்றது?”

“ஒரு ஆளு நிக்கிறான்னு சொல்லு.”

“எந்த ஆளு?”

“தெரியல செர்வெட். கூப்பிடு.”

நெர்மினின் வீடு கோஸ்டென்ஹோஃபில். அங்கிருந்து பிளெரருக்குப் பதினைந்து நிமிட நடை. பாதி ஓடினாள். பூக்கடைக்கு முன்னால் வாளிகளில் சாமந்தி வைத்திருந்தார்கள். கிழவி யாரும் இல்லை. சுரங்க ரயிலிலிருந்து மேலே வரும் படிகளைப் பார்த்தபடி, முப்பத்தைந்து வயதுள்ள ஒருவன் நின்றிருந்தான். மழுங்கச் சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சாம்பல் நிறக் கோட்டு, கையில் ஒரு துணிப்பை. அவள் நெருங்குவதற்குள் அவனே திரும்பினான்.

“நெர்மின் அக்காதானே? போட்டோல பாத்த அதே முகம்.”

“நீங்க?”

“அம்மாவுக்கு முழங்கால் வலி. அதான் நான் வந்தேன்.” பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான். “இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கீங்களே. மூச்சு வாங்குது பாருங்க.”

மணி 10.51. படிகளில் ஆட்கள் ஏறி வந்தபடி இருந்தார்கள். நெர்மின் இரண்டு அடி நகர்ந்து வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றாள், பூ பார்ப்பவள்போல. அவளைப் பார்த்துப் பேசுவதற்காக அவனும் திரும்பிக்கொண்டான். இப்போது படிகள் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

“பஹாருக்கு உடம்பு சரியில்ல. என்னைய வாங்கிட்டு வரச் சொன்னா.”

“பஹார்.” அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “நல்ல பேரு. நீங்க வச்சதா?”

நெர்மின் குனிந்து ஒரு வாளியிலிருந்து சாமந்திக் கொத்தை எடுத்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றான். குரலில் மரியாதை குறையவில்லை. “நான் பதினாலு ஊர் குரூப்புல இருக்கேன் அக்கா. கொலோன், ஸ்டுட்கார்ட், பிரெமென், எல்லாம். உங்களுது மாதிரி ஒண்ணு கிடையாது. கேட்டா ஒடனே பதில். ஊர் வாரியாப் பட்டியல். மத்தவங்க அடிச்சுக்கிட்டுத் திட்டிக்கிட்டுக் கிடக்கறாங்க. நீங்க ஒழுங்கா வச்சிருக்கீங்க.”

அப்போது படியின் உச்சியில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி தெரிந்தது. நெஹிருடையது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாஜெர் கடைசிப் படியில் ஏறினாள். பூக்கடையைத் தேடிக் கண்களை ஓட்டினாள். சாம்பல் நிற முதுகைப் பார்த்தாள்.

நெர்மின் அங்கே பார்க்கக் கூடாது. அவன் முகத்தையே பார்த்தபடி ஏதாவது பேசியாக வேண்டும். வாயில் வந்தது அது ஒன்றுதான்.

“கோக்சுன்ல எந்தப் பக்கம் உங்க வீடு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவனாலும் முடியவில்லை. மாவு மில்லைத் தாண்டி, என்றான். ஆத்துக்கு இந்தப் பக்கம். வாசலில் அப்பா வைத்த வால்நட் மரம், செப்டம்பரில் கல்லெறிந்து காய் உதிர்த்தால் சட்டையெல்லாம் கறை. நிலம் ஆடியபோது மரம் நின்றது, வீடு விழுந்தது. பனியில் இரண்டு நாள் அந்த மரத்தடியில்தான் மூன்று பேரும் படுத்துக் கிடந்தோம், மகள் என் கோட்டுக்குள்ளே கிடந்தாள் என்றான். நான்கு நிமிடம் பேசினான். அந்த நான்கு நிமிடமும் அவன் பொய் சொல்லவில்லை என்று நெர்மின் பிற்பாடு செர்வெட்டிடம் சொன்னாள்.

சிவப்புத் தொப்பி படிகளில் கீழே இறங்கி மறைந்துவிட்டது. குழந்தை ஒருமுறை தடுக்கியதும், ஹாஜெர் அவளைத் தூக்கிக்கொண்டதும் கண்ணோரத்தில் தெரிந்தது.

ரித்வான் பேச்சை நிறுத்தினான். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

“வந்துட்டுப் போயிட்டா, இல்ல?”

“யாரு?”

“பரவால்லக்கா. உங்க கண்ணு நல்ல கண்ணு. பொய் சொல்லத் தெரியல.” பையை அவள் கையில் வைத்தான். “குடுத்துடுங்க. தர்ஹானா அம்மா செஞ்சதுதான், அதுல பொய் இல்ல. சின்னதுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். எனக்கு அவசரமில்ல. ஜெர்மனி பெரிய நாடுதான். ஆனா நம்ம ஆளுங்க எல்லாரும் எழுதறாங்க.”

சாலையைக் கடந்து டிராம் நிறுத்தத்தில் நின்றான். டிராம் வந்தது, ஏறிப் போனான்.

காவலர்கள் இருவர் 11.20-க்கு வந்தார்கள். நெர்மின் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அந்த ஆள் மிரட்டினானா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கை வைத்தானா? இல்லை. என்ன செய்தான்? உணவு கொடுத்தான், குழுவைப் பாராட்டினான் என்றாள். சொல்லும்போது அது ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. ஹாஜெர் பழைய புகார் எதையும் இந்த நாட்டில் பதிவு செய்திருக்கவில்லை.

பையை நெர்மின் ஆலோசகரிடம் கொண்டுபோனாள். அவர் அதைக் கட்டடத்துக்குள்ளே எடுத்து வர விடவில்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு பிரித்தார். ஒட்டுக் கேட்கும் கருவியோ, இடம் காட்டும் வில்லையோ எதுவும் இல்லை. மெல்லிய தர்ஹானா ஓடுகள், பொடியாகாமல் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் கம்பளி உள்ளிட்ட சிறுமிக் காலணி, புதியது, முப்பத்தொன்றாம் அளவு. ஊரை விட்டு வரும்போது நெஹிரின் கால் அளவு இருபத்தொன்பது.

திங்கட்கிழமை ஹாஜெரையும் குழந்தையையும் வேறு நகரத்துக்கு மாற்றினார்கள். எந்த நகரம் என்பதை நெர்மினுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. போவதற்கு முன்னால் ஆலோசகரின் தொலைபேசியிலிருந்து ஹாஜெர் அழைத்தாள்.

“வீட்டுச் சாவிய வச்சிட்டேன் அக்கா. நீங்க குடுத்த சட்டி ரெண்டும் அங்கயே இருக்கு.”

“சட்டி கிடக்கட்டும். நான்தான் போகச் சொன்னேன் உன்ன. நான்தான் அந்தப் பட்டியல...”

“நீங்க எனக்கு நல்லதுதான் செஞ்சீங்க,” என்றாள் ஹாஜெர். “எல்லாரும் நல்லதுதான் செஞ்சாங்க. அதான் பயமா இருக்கு.”

பின்னால் குழந்தை ஏதோ கேட்டது. ஹாஜெர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நெர்மின் அன்றே ஊர்ப் பட்டியலை நீக்கினாள். அதில் அப்போது 1,146 வரிகள் இருந்தன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கேள்வி கேட்டார்கள். ‘அங்கதான் அக்கா என் பக்கத்து வீட்டுக்காரியக் கண்டுபிடிச்சேன்’ என்றாள் ஒருத்தி. ‘பதவி தலைக்கேறிடுச்சு’ என்றான் ஒருவன். காரணம் சொல்ல முடியாது. சொன்னால் ஹாஜெரின் கதை ஊருக்கெல்லாம் போகும். கடைசியில் பெயர் எதுவும் போடாமல் ஓர் எச்சரிக்கை எழுதினாள்: போலிக் கணக்குகளில் ஏமாறாதீர்கள், வயதான அம்மாக்களின் பெயரில் யாராவது உங்கள் ஊர், வீடு, குழந்தை பற்றிக் கேட்டால் முதலில் அவர்கள் வெள்ளிக்கிழமை ரோஜா போடுகிறவர்களா என்று பாருங்கள்.

குழுவுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. ‘மாமியாரைப் பரிசோதித்துவிட்டேன், அசல்தான், நாற்பது ரோஜா’ என்று ஒருவன் எழுதினான். படம் பிடித்து மற்ற நகரக் குழுக்களிலும் பகிர்ந்தார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் சிரித்திருந்தார்கள்.

“அத எடுத்துடுங்கக்கா,” என்றான் செர்வெட். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

“ஏன்?”

“அவனும் படிப்பான்ல?”

எடுத்துவிட்டாள். அதற்குள் ஆறு நாள் ஆகியிருந்தது.

குளிர்காலம் முடியும்வரை ஒன்றும் நடக்கவில்லை. நெர்மின் முதல் தேர்வில் தேறினாள். அவனைப்போலவே பதினான்கு நகரக் குழுக்களில் சேர்ந்து, வேலை நாள்தோறும் கிடங்கின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து ‘கோக்சுன்’ என்று தேடுவாள். சில நகரங்களில் அவளுடைய பட்டியலைப் பார்த்து அவர்களும் ஆரம்பித்திருந்தார்கள்.

2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. ஹானோஃபர் நகரக் குழுவில் ஹட்டிஜே என்ற பெயரில் ஒரு பதிவு இருந்தது, இரண்டு நாள் பழையது. ‘பிள்ளைகளே, எனக்கு அறுபத்தோரு வயசு. மகள் வீட்டுக்கு வந்திருக்கேன். கோக்சுன் பக்கத்துப் பொண்ணு யாராச்சும் இருக்கீங்களா? கையில தர்ஹானா வச்சிருக்கேன்.’ அந்தக் கணக்கின் பக்கத்தை நெர்மின் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தாள். டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் ரோஜா இருந்தது.

குழுவின் நிர்வாகிக்கு எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘ரோஜா போடாதவங்கள நம்பாதீங்கன்னு சொன்னதும் நீங்கதான, அக்கா. இவங்க போடறாங்களே. பாவம், வயசான மனுஷி, சும்மா இருங்க.’ ஆலோசகரின் எண்ணை அழைத்தாள். ஈஸ்டர் விடுமுறை, அலுவலகம் செவ்வாய்க்கிழமை திறக்கும் என்று பதிவு செய்த குரல் சொன்னது. ஹானோஃபர் காவல்துறையை அழைத்தாள். யாருக்கு ஆபத்து என்று கேட்டார்கள், பெயர் சொன்னாள். அவர் ஹானோஃபரில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். குறித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் பதிவுக்குக் கீழே இருந்த பத்தொன்பது பதில்களையும் படித்தாள். ஏழாவது இது: ‘பெரியம்மா, எங்க கட்டடத்துல மூணாவது மாடியில ஒரு பொண்ணு இருக்கா, குளிர்காலத்துலதான் வந்தா, சின்னப் பொண்ணு ஒண்ணு கூட. யார்கிட்டயும் பேசமாட்டா. எந்த ஊருன்னு விடாமக் கேட்டேன், கோக்சுன்னு சொன்னா. உங்களப் பாத்தா சந்தோஷப்படுவா.’ அதற்கு அடுத்த வரியில் தெருவின் பெயரும் கட்டட எண்ணும் இருந்தன.

அந்தப் பதிலுக்கு ஒரே ஒரு விருப்பக்குறி விழுந்திருந்தது. ஹட்டிஜேயினுடையது. முந்தைய நாள் காலை 8.10-க்கு.